தூக்கிக் கட்டிய ஜீப்

சொல்லிவிட வேண்டும், மதுரை போய்ச் சேருவதற்குள் சொல்லிவிட வேண்டும், மதுரை என்ன மதுரை, மலை இறங்குவதற்குள்ளேயே சொல்லிவிட வேண்டும் என்று ஜெயக்கொடி நினைத்துக்கொண்டிருக்கும்போதே பால்பாண்டி, "பள்ளம் வருது, பிடிச்சுக்க" என்றார். பிடித்துக்கொண்டாள். ஜீப் பள்ளத்தில் இறங்கி ஏறியது. இடுப்பில் ஆரம்பித்த வலி முதுகுத்தண்டு வழியாகப் பிடரி வரைக்கும் ஓடிப்போய், அங்கே கொஞ்ச நேரம் நின்று யோசித்துவிட்டு, வந்த வழியே திரும்பி வந்தது. அவள் முகத்தை வெளிப்பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டாள். முகம் சுளிப்பதைப் பார்த்துவிட்டால் போச்சு, இந்த மனுசன் வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கி, சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, குனிந்து அடியில் பார்த்து, என்னமோ ஜீப்புக்குத்தான் சீக்கு வந்த மாதிரி அதைத் தட்டித் தடவிவிட்டு வந்து உட்காருவார். அப்புறம் அடுத்த வளைவு வரைக்கும் ஊர்ந்துகொண்டு போவார். அது இன்னும் வலிக்கும், ஒவ்வொரு கல்லும் தனித்தனியாக வலிக்கும். இருபத்தஞ்சு வருசமாகக் கூட வாழ்கிற ஆளிடம் வலிக்கவில்லை என்று நடிப்பது லேசுப்பட்ட வேலையா? சீக்கு எடுத்துக்கொண்ட பாதி உயிர் போக மீதிப் பாதி இதிலேயே போய்க்கொண்டிருந்தது.

பின்னால் மணல் மூட்டைகள் கிடந்தன. பக்கத்து வீட்டில் சுவர் எழுப்ப வாங்கிப் போட்டிருந்ததைக் கேட்டு வாங்கி, உரச் சாக்கில் அள்ளி, வாயைத் தைத்து, நேற்றுச் சாயங்காலம் அவரே ஏற்றினார். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க ஏற்றினார். பார்த்தவர்கள் வீடு கட்டப் போகிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள். உயரத்துக்காக ஸ்பிரிங்கில் கூடுதலாகப் பட்டை வைத்துக் கட்டிய வண்டி இது. காலியாகப் போனால் விறைத்துக்கொண்டு நிற்கும், சின்னக் கல்லுக்கெல்லாம் தூக்கி எறியும். பாரம் ஏற்றினால்தான் அந்தப் பட்டைகள் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். வாழைத்தார் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போகிற நாளில் தார் மேலேயே படுத்துத் தூங்கலாம், அத்தனை மெத்தென்று போகும். அதனால்தான் மணல். பொண்டாட்டியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக மணல் ஏற்றுகிற புருசன் இந்த மலையில் வேறு யாராவது உண்டா? முன்னெல்லாம் அவள் ஏறி உட்கார்ந்தால், "நீ ஏறினாப் போதும், பட்டை தன்னால அமுங்கிரும்" என்று கேலி பண்ணுவார். அவளும், உங்க அம்மா போட்ட சோறா, எங்க அப்பன் வீட்டுச் சோறு, என்று திருப்பிக் கொடுப்பாள். அந்தக் கேலியை எப்போது நிறுத்தினார் என்று யோசித்துப் பார்த்தாள். நின்ற நாள் நினைவில் இல்லை. ஒருநாள் வண்டி அவளுக்காக அமுங்கவில்லை, அவரும் ஒன்றும் சொல்லவில்லை, அவ்வளவுதான். சொல்லிவிட வேண்டும். இந்தக் காட்டுப்பன்றி வளைவு தாண்டட்டும்.

இந்த வண்டியை முதன்முதலில் இப்படித் தூக்கிக் கட்டிக்கொண்டு வந்த அன்றைக்கு ஊரே கூடிவிட்டது. அதற்கு முன்னாலும் இதே ஜீப்தான், வாழைத்தாரும் மிளகு மூட்டையும் கூலி ஆட்களும் ஏறி இறங்கிய பழைய ஜீப். மேல் தோட்டத்துக்குப் போகிற பாதையில் ஒரு பாறை உண்டு, மழைக்காலத்தில் வண்டியின் வயிறு அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும், பத்துப் பேர் தள்ளினாலும் எழுந்திருக்காது. ஒரு கார்த்திகையில் கோயம்புத்தூரிலிருந்து பையன்கள் கொஞ்சம் பேர் யானை உயர ஜீப்பில் வந்து, அந்தப் பாறையை அது அங்கே இருக்கிறதா என்றே தெரியாத மாதிரி ஏறி இறங்கிப் போனார்கள். அன்றைக்கு ராத்திரி பால்பாண்டிக்குச் சோறு இறங்கவில்லை. அதற்கப்புறம் வீட்டில் வேறு பேச்சே கிடையாது. வண்டியை உயர்த்த லிஃப்ட் கிட், புடைப்புப் புடைப்பாகப் பட்டன் டயர், குலுக்கலைத் தாங்க நீள ஷாக்கப். சாம்பாரில் உப்பு கூடிப்போனதைக்கூட அந்த மனுசன் கவனிக்கவில்லை. வத்தலக்குண்டில் சிக்கந்தர் பாய் பட்டறையில் வண்டியை விட்டுவிட்டு, பிரசவத்துக்கு விட்டவர் மாதிரி தினமும் பஸ் ஏறிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஒருநாள் அது வந்து நின்றது. அவள் வாசலில் நின்று பார்த்தாள், சக்கரம் அவள் இடுப்புக்கு வந்தது. எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, சூடம் காட்டி, "ஏறு ஜெயா, நீதான் மொதல்ல ஏறணும்" என்றார் எல்லார் முன்னாலும். அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு காலைத் தூக்கினாள், எட்டவில்லை. இன்னொரு காலைத் தூக்கினாள், அதுவும் எட்டவில்லை. ஊர் சிரித்தது. ஏணி வாங்கிட்டு வாங்க, அப்பறமா ஏறுறேன், என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். ஆனால் மறுநாள் யாரும் இல்லாத நேரத்தில், செருப்பைக் கழற்றிவிட்டு, டயரின் பட்டன்மேல் விரலை ஊன்றி, முன்கம்பியைப் பிடித்து ஒரு உந்து உந்தி ஏறிவிட்டாள். அதற்குப் பின் அவள் ஏறுகிற லாவகத்தைப் பார்த்து வாலிபப் பிள்ளைகளே வாயைப் பிளந்தார்கள்.

அவரிடம் இதுவரை ஒத்துக்கொள்ளாத ஒரு விசயம் உண்டு. மேலே உட்கார்ந்தால் நன்றாக இருந்தது. ரொம்ப நன்றாக இருந்தது. வேலிக்கு மேலே தலை போனதும் இந்த மலையே வேறு மலையாகிவிட்டது. யார் வீட்டுக் களத்தில் காப்பி காய்கிறது, யார் தோட்டத்து ஆரஞ்சில் பூச்சி விழுந்திருக்கிறது, யார் வீட்டுக் கொடியில் எந்தச் சேலை காய்கிறது, எல்லாம் தெரிந்தது. பிறந்ததிலிருந்து நடந்து தேய்ந்த பாதையில் இத்தனை நாள் வேலியைத்தான் பார்த்துக்கொண்டு போயிருக்கிறோம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆனால் வாயைத் திறந்து சொன்னாளா, சொல்லவே இல்லை. உங்க ஜீப்பும் நீங்களும், குடல் வெளிய வந்துரும்போல, என்றுதான் எப்போதும். சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த மனுசன் ஒரு வாரம் தரையில் கால் பாவாமல் திரிந்திருப்பார். இன்றைக்குக் காலையில் அவர் அவளுடைய கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி வைத்தார். பக்கத்து வீட்டு மயிலாத்தா அங்கேயே நின்றுகொண்டு, பார்க்காத மாதிரி அவரைப்பந்தலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தூக்கின வேகத்தில் அவருக்கே திக்கென்று ஆகியிருக்க வேண்டும். கனமாக இருக்கும் என்று நினைத்துத் தூக்கினது காலியாக இருந்தால் கை தடுமாறுமே, அப்படித் தடுமாறினார். இருந்திருந்து இப்படி ஆகிவிட்டோமே என்று அவளுக்கு அழுகை வந்தது. அழுதால் அதற்கும் வண்டியை நிறுத்துவார்.

"பள்ளம்" என்றார் பால்பாண்டி. "சின்னதுதான்." சின்னதுதான். களத்தில் காயப்போட்ட காப்பிப் பழத்தை மயிலாத்தா சாயங்காலம் கூட்டி மூடுவாளா? சொன்னோமா, சொல்லவில்லையா? சொன்ன மாதிரி இருக்கிறது. சொல்லியிருந்தால் அவள் தலையாட்டியிருப்பாளே, அவள் அவரைப்பந்தலை அல்லவா பார்த்துக்கொண்டிருந்தாள். பனி இறங்கினால் பழம் கருத்துப்போகும். போன வருசம் அப்படித்தான், அவள் மதுரையில் படுத்துக் கிடந்தபோது கருத்துப்போனது. மதுரையில் அவளுக்குச் சீக்கைக் கருக்கக் கரண்ட் வைத்தார்கள். கரண்ட் என்றால் ஷாக் அடிக்கும் என்று பயந்துகொண்டு போனாள், ஒன்றும் அடிக்கவில்லை, சும்மா குளிர்ச்சியான அறையில் தனியாகப் படுக்கவைத்துவிட்டு எல்லாரும் வெளியே ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள், அதுதான் பயமாக இருந்தது. முதுகில் மையால் கோடு போட்டிருந்தார்கள், அழியக்கூடாது, தேய்த்துக் குளிக்கக்கூடாது என்றார்கள். அறுக்கப்போகிற மரத்துக்குத்தான் கோடு போடுவார்கள். ராத்திரி படுத்தால் மேலே ஃபேன் சுற்றும். அவர்கள் ஊரில் யார் வீட்டிலும் ஃபேன் கிடையாது, மலைக்குளிருக்கு எதற்கு ஃபேன். பக்கத்துக் கட்டிலில் உசிலம்பட்டிக்காரி ஒருத்தி இருந்தாள், ராக்கம்மா என்று பேர், வாய் ஓயாத பொம்பளை, சிரிக்கச் சிரிக்கப் பேசுவாள். ஒருநாள் விடியும்போது அவள் பேசவில்லை. கண் திறந்தபடிக்கு ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் வந்து மூடுகிறவரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தாள். அன்றையிலிருந்து ஜெயக்கொடிக்குச் சாவைக் கண்டு அவ்வளவு பயம் இல்லை, அந்த ஃபேனைக் கண்டுதான் பயம். காப்பியை மூடச் சொன்னோமா இல்லையா?

டாக்டரம்மா நல்ல பிள்ளை. அவள் மகள் நிவேதாவைவிடக் கொஞ்சம்தான் பெரியவளாக இருப்பாள், ஆனால் கையைப் பிடித்துக்கொண்டு பேசுவாள். பெரிய ஆஸ்பத்திரி, முகப்பில் வண்டி நுழைகிற இடத்தில் குறுக்கே மஞ்சள் கம்பி ஒன்று போட்டிருக்கிறார்கள், உயரமான வண்டி உள்ளே வரக்கூடாது என்று. பழைய ஜீப்பாக இருந்திருந்தால் குனியாமலே போயிருக்கும். தூக்கிக் கட்டின ஜீப் போகாது, கூரை இடிக்கும். ஒவ்வொரு தடவையும் பால்பாண்டி அவளைக் கம்பிக்கு இந்தப் பக்கமே இறக்கி, தள்ளுவண்டியில் உட்காரவைத்து, ஆயாம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு, ஜீப்பை நிறுத்த இடம் தேடிப் போய்விடுவார். மதுரையில் அந்தச் சக்கரத்துக்கு இடம் கிடைக்கிறது சாமானியமா, தெருத் தெருவாகச் சுற்றி எங்கேயோ நிறுத்திவிட்டு வேர்க்க விறுவிறுக்க ஓடி வருவதற்குள் இங்கே டாக்டரம்மா பேசி முடித்திருப்பாள். கூட வந்தவங்க எங்கம்மா என்று அவள் கேட்பாள், வண்டி நிறுத்தப் போயிருக்காருங்க என்று இவள் சொல்வாள். இப்படியே ஒவ்வொரு தடவையும். போன தடவையும் அப்படித்தான். டாக்டரம்மா வாசலைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள், அப்புறம் அவளிடமே சொன்னாள். மாரில் இருந்து எலும்பில் பரவினது இனி போகாது, மறுபடியும் கரண்ட் வைத்தால் வலி கொஞ்ச நாளைக்குக் குறையும், வைப்பதா வேண்டாமா என்று நீங்களே முடிவு பண்ணலாம், வேண்டாமென்றால் வலிக்கு நல்ல மாத்திரை எழுதித் தருகிறேன், வீட்டிலேயே இருங்கள் என்றாள். அவர் மூச்சிரைக்க வந்து நின்று, என்ன சொன்னாங்க என்று கேட்டார். சட்டை முதுகு நனைந்து ஒட்டியிருந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அவளால் சொல்ல முடியவில்லை, அடுத்த தேதி சொல்லியிருக்காங்க, கரண்ட் வைக்கணுமாம், என்று மட்டும் சொன்னாள். பையில் மாத்திரைச் சீட்டு இருக்கிறது. சீட்டைப் படிக்கிற வழக்கமெல்லாம் அவருக்குக் கிடையாது.

"மாமா" என்றாள். அத்தை மகன், சின்ன வயசிலிருந்தே மாமாதான்.

"என்ன, தண்ணி வேணுமா?"

தண்ணீர் வேண்டாம். ரோடு இருந்த இடத்தில் மூடுபனி இருந்தது, அதற்குள்ளிருந்து ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு ஏறி வந்தது, அவர் ஓரம் ஒதுங்கி நின்றார். பஸ் டிரைவர் கண்ணாடிக்குள்ளிருந்து கையை அசைத்தார். இந்த மலையில் இந்த ஜீப்பைத் தெரியாதவர்கள் கிடையாது. இப்போது சொல்லிவிடலாம். மாமா, நான் வரலை. என்ன பெரிய விசயம், மூன்றே வார்த்தை. "களத்துல காப்பியை மூடச் சொன்னீங்களா?" என்று கேட்டாள். சொல்லிட்டேன், என்றார் அவர். கியரைப் போட்டார். அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. காப்பியாம் காப்பி, குடிக்க ஆள் இருக்கப்போகிறதா என்று பார்க்கிற நேரத்தில் காப்பியை மூடினால் என்ன, திறந்தால் என்ன. ஆனால் அவர் குடிப்பார், அவருக்கு அவள் வறுத்து இடித்த காப்பிதான் வேண்டும், கடைத்தூளைப் போட்டால் முகத்தை ஏழு முழத்துக்கு நீட்டுவார். யார் வறுத்துக் கொடுப்பார்கள்? நிவேதா ஒட்டன்சத்திரத்தில் இருக்கிறாள், வயிற்றுப்பிள்ளைக்காரி, வரவும் முடியாது, அவளிடம் இதைச் சொல்லவும் முடியாது. போனில், அம்மா சும்மா மருந்து மாத்தத்தான் போறேன், என்று சொல்லியாயிற்று. பொய் சொல்லிச் சொல்லி வாய் பழகிவிட்டது. பொய்க்கும் வலிக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு வேடிக்கை பார்த்துக்கொண்டு வருகிற மாதிரி இருந்தது.

சொல்ல முடியாததற்கு வேறு ஒரு காரணமும் இருந்தது. இந்த வலி முதன்முதலில் தெரிந்தது ஜீப்பில்தான். மலை உச்சிக்கு, வியூ பார்க்க வருகிற டூரிஸ்ட்டுகளை அவர் வாடகைக்கு ஏற்றிக்கொண்டு போகிற பாதை, ஒரு ஞாயிற்றுக்கிழமை டூரிஸ்ட் யாரும் வரவில்லை, வா நாம போவோம், இத்தனை நாளா நீ அங்க வந்ததே இல்லையே, என்று அவளைக் கூட்டிப் போனார். ஒரு கல்லில் ஏறி இறங்கும்போது வண்டி தூக்கிப் போட்டது, இடுப்பில் சுளீரென்றது, அம்மா என்று கத்திவிட்டாள். மேலே போய் நின்று பார்த்தார்கள், கீழே பழனி வரைக்கும் குளங்களெல்லாம் பளபளத்தன, அவள் வலியை மறந்து பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த வலி அப்புறம் போகவே இல்லை. சுளுக்கு என்று தடவினார்கள், வாய்வு என்று கசாயம் வைத்தார்கள், கடைசியில் மதுரை. எப்போதோ அறுத்து எடுத்து, சரியாகிவிட்டது என்று நினைத்திருந்த மார்ச்சீக்கு எலும்புக்குள் போய் உட்கார்ந்திருந்தது, கல்லில் ஏறினாலும் ஏறாவிட்டாலும் அது வெளியே வந்திருக்கும். டாக்டரம்மா அதைச் சொன்னபோதும் அவர் அங்கே இல்லை. ஜெயக்கொடி அவரிடம் அதைத் திரும்பச் சொன்னாள்தான், வண்டியால எல்லாம் இல்லையாம் மாமா, என்று. சரி சரி என்றார். நம்பவில்லை. வாய்விட்டு ஒருநாளும் சொல்லவில்லையே தவிர, அவர் மனசில் அந்தக் கல்தான் கிடந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் கிடந்தது. சீட்டுக்கு மெத்தை தைத்துப் போட்டார், ஷாக்கப்பை மாற்றினார், மணலை ஏற்றினார், வீட்டிலிருந்து மெயின் ரோடு வரைக்கும் இருக்கிற குழியெல்லாம் அவரே மண்வெட்டி எடுத்துக்கொண்டு போய்ச் செம்மண்ணைப் போட்டு மிதித்து மூடினார். காலையில் வரும்போது புது மண்ணின் ஈரம் தெரிந்தது. தன் கையால் கெடுத்ததைத் தன் கையால் சரிபண்ணிவிடலாம் என்று நினைக்கிற மனுசனிடம், இனி சரிபண்ண ஒன்றும் இல்லை என்று எந்த வாயால் சொல்லுவது? பாவம், நல்ல மனுசன், நல்ல மனுசன் என்று அவள் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள்.

அடிவாரம் வந்துவிட்டது. வாழையும் காப்பியும் முடிந்து தென்னையும் புளியமரமும் வந்தன, காற்றில் சூடு ஏறியது, போர்த்தியிருந்த சால்வை கழுத்தில் அரித்தது. இனி தார் ரோடு, ஒரே ஓட்டம், மதியத்துக்குள் மதுரை. பால்பாண்டி ஒரு பஞ்சர் கடை முன்னால் ஜீப்பை நிறுத்தினார். மலை இறங்கும்போது டயரில் காற்றைப் பாதிக்குக் குறைத்துக்கொண்டு வருவது அவளுக்காக அவர் பிடித்த இன்னொரு வைத்தியம். காற்று குறைந்தால் டயர் பொதபொதவென்று கல்லை விழுங்கிக்கொண்டு வரும், உடம்பில் தெரியாது. ஆனால் அப்படியே தார் ரோட்டில் விரட்டினால் சூடாகி வெடித்துவிடும், அதனால் இங்கே நிறுத்திக் காற்று வைத்துக்கொண்டுதான் மேற்கொண்டு போக வேண்டும். கடைக்காரர் ஒரு லாரி டயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார், இந்தா வர்றேண்ணே என்று குரல் கொடுத்தார். பால்பாண்டி இறங்கிச் சுற்றி வந்து அவள் பக்கத்துச் சக்கரத்தின் வால்வு மூடியைக் கழற்றக் குனிந்தார். மேலேயிருந்து பார்த்தபோது அவருடைய உச்சந்தலை தெரிந்தது. முடி கொட்டி வெளுத்துப்போயிருந்தது. இது எப்போது ஆயிற்று? எதிரே உட்கார்ந்து சோறு போடுகிறவளுக்குத் தெரியாமல் ஒரு மனுசனுக்குத் தலை வழுக்கையாகிவிடுமா? இந்தத் தலையைத் தனியாக விட்டுவிட்டுப் போகப்போகிறோம் என்று நினைத்தாள்.

"மாமா. நான் வரலை."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஆஸ்பத்திரிக்கு வேண்டாம். வீட்டுக்குத் திருப்புங்க."

அவர் கையில் வால்வு மூடி இருந்தது. அதை விரலால் உருட்டினார். பிறகு அவளைப் பார்க்காமல் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார். "தூக்கித் தூக்கிப் போடுதாக்கும். மணல் பத்தலை. எனக்கே தெரியுது. நான் சிக்கந்தர் பாய்ட்ட பேசிட்டேன் ஜெயா. பழைய பட்டையும் பழைய டயரும் கொட்டகையிலதான் கெடக்கு, கொண்டுபோய்க் குடுத்தா ஒரே நாள்ல எறக்கிருவாரு. எறக்கிட்டா கார் மாதிரிப் போகும். அதுக்கப்பறம் வருவேல்ல?"

கண் நிமிர்த்தி அவளைப் பார்த்தார். வருவேல்ல என்று கண்ணும் கேட்டது. ஒரு உம் போதும், அவளுக்குத் தெரியும். உம் என்று சொன்னால் இந்த நிமிசமே அந்த முகம் தெளிந்துவிடும், வண்டியைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார், நாளைக்கே பட்டறைக்கு ஓடுவார், ஆசை ஆசையாகத் தூக்கிக் கட்டினதைத் தன் கையாலேயே பிரிப்பார். அவளும் நாலு நாள் வீட்டுத் தாழ்வாரத்தில் கிடந்து மலையைப் பார்க்கலாம். அப்புறம்? இறக்கின ஜீப்பிலும் வலிக்கும். அப்போது ரோட்டைத் திட்டுவார், சீட்டைப் பிரித்துத் தைப்பார். அவள் போன பிறகும் விடமாட்டார். முன்னாலயே எறக்கியிருந்தா, அந்த ஞாயித்துக்கிழமை கூட்டிப் போகாம இருந்திருந்தா, என்று ராத்திரி ராத்திரியாக அந்தக் கல்லையே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருப்பார். பக்கத்தில் இருந்து இல்லை மாமா, அப்படி இல்லை என்று சொல்ல அவள் இருக்கமாட்டாள். சொல்ல வேண்டியவள் ஒருத்திதான், அதற்கு இருக்கிற நேரமும் கொஞ்சம்தான். இத்தனை நாள் அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு என்ன காரியம் பண்ணிக்கொண்டிருந்தோம் என்று அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எறக்கினாலும் வர மாட்டேன். வண்டியில ஒண்ணும் இல்ல மாமா. இது மாருல இருந்து எலும்புக்கு வந்தது. போன தடவை டாக்டரம்மா தெளிவாச் சொல்லிருச்சு. நீங்க வண்டி நிறுத்தப் போயிருந்தீங்க."

"என்ன சொல்லுச்சு?"

"கரண்ட் வச்சா கொஞ்ச நாளைக்கு வலி கொறையும். அம்புட்டுத்தான்."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான். அந்தக் கல்லுல ஏறாட்டியும் இதே கதிதான். கேக்குதா? அன்னைக்கு நீங்க கூட்டிட்டுப் போனதாலதான் நான் அந்த எடத்தைக் கண்ணால பாத்தேன். எனக்கு இந்த ஜீப்பு பிடிக்கும் மாமா. மேல உக்காந்து வர்றது எனக்குப் பிடிக்கும். சொன்னதே இல்ல, இப்பச் சொல்றேன். நீங்க அதை எறக்கக்கூடாது."

பால்பாண்டி, கதவு இருந்திருக்க வேண்டிய இடத்துக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிறகு அப்படியே நெற்றியை அவள் முழங்கால்மேல் வைத்தார். முதுகு குலுங்கியது. ரோட்டோரம், பட்டப்பகலில், போகிற வருகிறவர்கள் பார்க்க, சத்தம் வராமல் அழுதார். இத்தனை வருசத்தில் அவர் அழுது அவள் பார்த்தது நிவேதா பிறந்த அன்றைக்கு மட்டும்தான். அவளும் அழுதாள், இனி யாரிடம் மறைக்க வேண்டும். தூக்கிக் கட்டின ஜீப்பின் உயரத்துக்கு அவருடைய தலை அவள் மடியில் வந்து நின்றது. குட்டை மனுசி அவள், நின்றால் அவர் தோளுக்குக்கூட எட்டமாட்டாள், தலையைத் தொட்டதே கிடையாது. இப்போது கையை வைத்தாள். வெயிலில் அது சூடாக இருந்தது. கையை அங்கேயே வைத்திருந்தாள். வலி வந்தது, வந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டாள், முகத்தை எந்தப் பக்கமும் திருப்பவில்லை.

கடைக்காரர் லாரி டயரை முடித்துவிட்டு ரப்பர் குழாயை இழுத்துக்கொண்டு வந்தார். கொஞ்சம் தள்ளியே நின்று, பார்த்தும் பார்க்காத மாதிரி, "எம்புட்டுண்ணே வைக்கணும்?" என்றார்.

பால்பாண்டி தலையை எடுத்தார். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். கையில் இருந்த மூடியை வால்வில் வைத்து நிதானமாகத் திருகினார்.

"காத்து வேண்டாம்ணே. வீட்டுக்குத் திரும்புறோம்."

கடைக்காரர் குழாயைச் சுருட்டிக்கொண்டு போனார்.